நிலநடுக்கமே வராத ஊரில் நிலம் ஆடினால்: பலரும் செய்யும் தவறுகள்

2011 ஆகஸ்ட் 23, பிற்பகல் இரண்டு மணியை நெருங்கும் நேரம். வாஷிங்டன் நகர அலுவலகங்கள் சில விநாடிகள் குலுங்கின. கலிஃபோர்னியாவாக இருந்தால் பாதிப் பேர் மேசைக்கு அடியில் நுழைந்திருப்பார்கள். இங்கே பலருக்கு முதலில் தோன்றியது குண்டுவெடிப்பு. செப்டம்பர் 11 தாக்குதலின் பத்தாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. கூட்டம் கூட்டமாகப் படியிறங்கித் தெருவுக்கு வந்தவர்கள், எந்தக் கட்டடத்துக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அதன் சுவருக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வர்ஜீனியாவில் மினரல் என்ற சிற்றூருக்கு அருகே 5.8 அளவில் வந்த நிலநடுக்கம் அது. உயிரிழப்பு இல்லை. ஆனால் வாஷிங்டன் நினைவுத் தூணின் மேல்பகுதிக் கற்களில் விரிசல் விழுந்தது. 2014 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள்.

மிதமான நிலநடுக்கம் பெரும்பாலும் நல்ல கட்டடத்தைச் சாய்ப்பதில்லை. காயமும் சாவும் வருவது உதிரும் சுவர்ப் பகுதிகளால், சரியும் பொருட்களால், அந்த நேரத்தில் நாம் எடுக்கும் அவசர முடிவுகளால். நிலம் அடிக்கடி ஆடும் நாடுகளில் பள்ளியிலேயே பயிற்சி கொடுத்துவிடுகிறார்கள். எப்போதோ ஒருமுறை ஆடும் இடங்களில்தான் தவறுகள் கொத்தாக நடக்கின்றன.

ஆடும்போதே வெளியே ஓடுவது

இதுதான் முதல் தவறு, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானதும்கூட. ஸ்பெயினின் லோர்கா நகரத்துக்கு 2011 மே 11 அன்று நடந்ததைப் பார்த்தாலே போதும். மாலை ஐந்து மணியளவில் 4.5 அளவில் ஓர் அதிர்வு. பயந்துபோன மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து 5.1 அளவில் இரண்டாவது வந்தது. இறந்தவர்கள் 9 பேர். அவர்களில் பெரும்பாலானோர் இடிந்த வீட்டுக்குள் சிக்கி இறக்கவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்களும் முகப்பு அலங்காரங்களும் பெயர்ந்து தெருவில் இருந்தவர்கள் மேல் விழுந்தன.

1989 டிசம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 5.6 அளவில் வந்ததும் இதே பாடம்தான். 13 பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் ஒரே கட்டடத்தில், தொழிலாளர் சங்க மனமகிழ் மன்றத்தில். இன்னும் மூன்று பேர் கடைத்தெருவில், செங்கல்லும் கடை முகப்புப் பந்தலும் சரிந்ததில்.

கட்டடத்தில் முதலில் உதிர்வது வெளிவிளிம்புதான். கைப்பிடிச் சுவர், புகைபோக்கி, சன்ஷேடு, பெயர்ப்பலகை, கண்ணாடி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஓடுகிறவர் வாசலைக் கடக்கும் அந்த நொடி சரியாக அவற்றின் கீழே இருக்கிறார். அதோடு, சிறிய நிலநடுக்கத்தில் வலுவான ஆட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். நீங்கள் கதவை எட்டுவதற்குள் அதுவே நின்றிருக்கும். மிஞ்சுவது படியில் தடுக்கி விழுந்த கால்.

செய்ய வேண்டியது எளிது. இருக்கும் இடத்திலேயே குனிந்து முழங்காலிடுங்கள். உறுதியான மேசை இருந்தால் அதன் அடியில் போய் மேசையின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கண்ணாடிக்கும் உயர அலமாரிக்கும் விலகி, உள்சுவர் ஓரமாகத் தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் எழவே வேண்டாம். தலையணையைத் தலைமேல் வைத்துக் குப்புறப் படுத்தால் போதும். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதிக்காமலாவது இருக்கலாம். வாசல் நிலைக்குக் கீழே நிற்கச் சொல்வது பழைய மண்வீட்டுக் காலத்து அறிவுரை. இன்றைய வீட்டில் நிலைக்குத் தனி வலு எதுவும் கிடையாது, கதவு ஆடி அடிக்கவும் செய்யும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கனத்த கூரையைத் தாங்கும் மண்சுவர் அல்லது சாந்தில்லாத கல்சுவர் வீடு, நீங்கள் தரைத்தளத்தில், கதவு இரண்டடியில், வெளியே திறந்தவெளி. இவை எல்லாம் பொருந்தினால் வெளியேறுவதே மேல். ஒன்று குறைந்தாலும் உள்ளேயே இருங்கள்.

ஆட்டம் நின்ற பிறகு வெளியே வருவதில் தவறே இல்லை. அப்போது சுவர்களைவிட்டு, மின்கம்பிகளைவிட்டு விலகி நிற்க வேண்டும். சுவரின் உயரத்தைவிட அதிகத் தள்ளி நின்றால் நல்லது. லிஃப்ட் வேண்டாம்.

“சின்னச் சின்னதாக வந்தால் நல்லதுதான், அழுத்தம் குறையும்”

கேட்கும்போது நியாயமாகத் தோன்றுவதால் இந்த நம்பிக்கை சாவதே இல்லை. கணக்குப் போட்டால் நிற்காது. அளவு ஒரு படி கூடினால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. 6 அளவிலான ஒரு நிலநடுக்கத்தின் ஆற்றலைச் சிறு தவணைகளாகத் தீர்க்க வேண்டுமென்றால் 4 அளவில் சுமார் ஆயிரம் வர வேண்டும். நிலத்தடிப் பாறையில் நிலநடுக்கம் பிறக்கும் எந்தப் பிளவிலும் அப்படிக் கணக்குத் தீர்வதில்லை.

இதற்கு இத்தாலியின் லாக்விலா நகரம் கொடுத்த விலை பெரிது. 2009 தொடக்கத்திலிருந்து அங்கே சிறு அதிர்வுகள் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன. மார்ச் 31 அன்று நிபுணர் குழு அந்த ஊரில் கூடியது. அதையொட்டிய தொலைக்காட்சிப் பேட்டியில் குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் உயரதிகாரி ஒருவர், ஆற்றல் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் நிலைமை சாதகமானது என்று அறிவியலாளர்கள் தன்னிடம் சொல்வதாகப் பேசினார். ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் இருந்தது: அதிர்வு வந்தால் இரவைப் பழைய கல்வீட்டுக்கு வெளியே, சதுக்கத்தில் கழிப்பது. ஆறுதல் பேச்சை நம்பி அன்று வீட்டிலேயே தங்கிவிட்டதாக, பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவினரும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2012-இல் அந்த அதிகாரி, ஆறு அறிவியலாளர்கள் என ஏழு பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் ஆறு அறிவியலாளர்கள் விடுவிக்கப்பட்டார்கள், அந்த அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது. நிலநடுக்கத்தைக் கணிக்கவில்லை என்பதற்காக நடந்த வழக்கு என்று பலரும் எழுதினார்கள். அது பாதி உண்மை. பிரச்சினையின் மையம் கணிக்காதது அல்ல, இல்லாத உறுதியைக் கொடுத்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. ஒரு 4.2 வந்த மாலையே “இன்றிரவு பெரியது வருகிறது, எல்லாருக்கும் அனுப்புங்கள்” என்று செய்தி சுற்றத் தொடங்கும். நாளும் நேரமும் சொல்லி நிலநடுக்கத்தை முன்கூட்டி அறிவிக்கும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் நேரம் குறித்து வரும் எதையும் தயங்காமல் அழித்துவிடலாம். கலிஃபோர்னியாவின் நீண்டகாலப் பதிவுகளின்படி, ஒரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து சில நாட்களுக்குள் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100-க்கு 5. பயந்து ஊரைக் காலி செய்யும் அளவுக்கு அது பெரிதல்ல; விரிசல் விட்ட கைப்பிடிச் சுவரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளும் அளவுக்குச் சிறியதும் அல்ல. பின்னதிர்வுகள் மட்டும் நிச்சயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை மட்டும் பார்ப்பது

“4.9 தானே?” என்று கேட்பவர்களுக்குப் பிரான்ஸின் லெ தெய் நகரம் பதில். 2019 நவம்பர் 11 அன்று அங்கே வந்தது 4.9 தான். ஆனால் அது தொடங்கியது தரைக்கு ஒரு கிலோமீட்டர் ஆழத்தில். நிலப்பரப்பே பிளந்தது, நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாயின, பக்கத்திலிருந்த க்ரூவாஸ் அணுமின் நிலையத்தைச் சோதனைக்காக நிறுத்தி வைத்தார்கள். அதே 4.9 நூறு கிலோமீட்டர் ஆழத்தில் வந்திருந்தால் பலர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அளவு என்பது மூலத்தில் வெளியான ஆற்றலைச் சொல்கிறது. உங்கள் வீடு எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. அதற்கு 1 முதல் 12 வரை போகும் மெர்காலி தீவிர அளவுகோல் இருக்கிறது. ஆழம், தூரம், அடியில் இருப்பது பாறையா வண்டலா என்பதெல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. செய்தியில் எண்ணோடு ஆழத்தையும் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தால் பாதிக் குழப்பம் தீரும். முதலில் 5.9 என்று சொல்லிவிட்டுப் பிறகு 5.8 என்று மாற்றினால் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள் இல்லை. கூடுதல் நிலையங்களின் பதிவுகள் வந்து சேரச் சேரக் கணக்கு திருந்துகிறது, அவ்வளவுதான்.

எதிர்பாராத இடங்களுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தத் தட்டுகளின் நடுவே இருக்கும் பழைய, குளிர்ந்த, உடையாத பாறை அலைகளை அதிகம் விழுங்காமல் நெடுந்தூரம் கடத்தும். அதனால்தான் மினரல் நிலநடுக்கம் ஜார்ஜியாவிலிருந்து கனடா வரை உணரப்பட்டது. 2024 ஏப்ரல் 5 காலை நியூ ஜெர்சியில் வந்த 4.8 நியூயார்க் முழுவதையும் அசைத்ததும் இப்படித்தான். வெகு தொலைவில் உணர்ந்தார்கள் என்பதால் அது பெரிய நிலநடுக்கம் ஆகிவிடாது.

“எங்கள் ஊர் பாதுகாப்பான மண்டலம்”

மகாராஷ்டிரத்தின் கில்லாரிப் பகுதியும் இந்திய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை 6.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள், பெரும்பாலும் கனத்த கல்வீடுகளுக்குள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அங்கே சிறு அதிர்வுகள் உணரப்பட்டிருந்தன. 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். தட்டுகளின் விளிம்பில் உரசல் ஓயாது நடக்கிறது. நடுப்பகுதியில் அழுத்தம் மிக மெதுவாகச் சேர்கிறது; ஒரு பழைய பிளவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடந்துவிட்டு நகரலாம். தாத்தா காலத்திலும் வரவில்லை என்பது அந்தப் பிளவுக்கு ஒரு கணக்கே இல்லை.

காரணத்தை அன்றைக்கே முடிவு செய்வது

அதிர்வு வந்த ஒரு மணி நேரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் “அணைதான் காரணம், ஆழ்துளைதான் காரணம்”, மறுபக்கம் “மனிதன் செய்து நிலநடுக்கம் வருமா” என்ற கேலி. இரண்டுமே அவசரம். மனிதச் செயலால் வந்த நிலநடுக்கங்கள் நன்றாகவே ஆவணமாகியிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையின் நீர்த்தேக்கம் நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் வந்தது இன்றும் பாடப்புத்தக உதாரணம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 3 அளவுக்கு மேல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தது போய், 2015-இல் சுமார் 900 வந்தன. எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரை ஆழத்தில் திரும்பச் செலுத்தியது முக்கியக் காரணம். செலுத்தும் அளவைக் குறைத்ததும் எண்ணிக்கை இறங்கியது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் எரிவாயு வயலில் 2012-இல் வந்தது வெறும் 3.6 தான். ஆழம் குறைவு, மேலே செங்கல் வீடுகள். வீட்டுச் சேதப் புகார்கள் குவிந்து, கடைசியில் 2023 அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள்.

ஆனால் அருகில் ஒரு குவாரி இருப்பது மட்டுமே சான்று ஆகாது. வெடியில் நிலம் முதலில் எல்லாத் திசையிலும் வெளிப்பக்கம் தள்ளப்படும். பிளவு நகரும்போது சில திசைகளில் தள்ளும், சில திசைகளில் இழுக்கும். பதிவுக் கருவிகளில் இது தெரியும். ஆழம், இடம், நீர் செலுத்திய தேதிகள் எல்லாம் சேர்ந்துதான் பதில் கிடைக்கும், அதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி, உணர்ந்ததைப் பதிவு செய்வது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் “நீங்கள் உணர்ந்தீர்களா?” படிவத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் நிரப்பலாம். மினரல் நிலநடுக்கத்துக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. கருவிகள் குறைவாக இருக்கும் இடங்களில் இந்தப் பதில்களே, எங்கே எவ்வளவு ஆடியது என்று காட்டும் தீவிர வரைபடம் ஆகின்றன. ஒன்றுமே உணரவில்லை என்பதும் பயனுள்ள பதில்தான்.

நின்றதும் மறந்துவிடுவது

அப்புறம், ஆட்டம் நின்ற பிறகு பலரும் ஃபோனைத்தான் எடுக்கிறார்கள். ஊரே ஒரே நேரத்தில் அழைத்தால் இணைப்பு கிடைக்காது. ஒரு வரி குறுஞ்செய்தி போய்ச் சேரும். முதலில் எரிவாயு வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வால்வை மூடிவிட்டு வெளியேறுங்கள். குழாய் வழி இணைப்பு என்றால், மூடியதை நீங்களாகத் திறக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்து சுவர்கள். பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் பதற வேண்டாம், பல வீடுகளில் அது முன்பே இருந்திருக்கும். தூணிலோ உத்திரத்திலோ விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகலமான பிளவு, திடீரென்று மூட மறுக்கும் கதவு, இவை கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டியவை. புகைப்படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்தால் பின்னதிர்வுக்குப் பிறகு ஒப்பிட முடியும், இழப்பீடு கேட்கும்போதும் உதவும். காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பல வீட்டுக் காப்பீடுகளில் நிலநடுக்கம் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. உயர அலமாரிகளைச் சுவரோடு திருகி, கட்டிலுக்கு மேலே மாட்டிய கனமான படத்தை வேறு சுவருக்கு மாற்றுவதற்கு ஒரு மதியம் போதும்.