சட்டை உரசினாலே எரிகிறதா? நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பின் தோலைப் பழக்கும் முறை

இதயத்துக்குப் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து நெஞ்செலும்பு கூடியது, தையல் ஆறியது, நடக்கவும் முடிந்தது. ஆனால் இடது மார்பில் பனியன் உரசினால் போதும், சுரீர் என்று எரியும். மின்விசிறிக் காற்றுகூடத் தாங்காது. அதே இடத்தை விரலால் அழுத்தினால் பாதிப் பரப்பு மரத்துப்போயிருக்கும். மரத்துப்போன இடம் எப்படி எரியும் என்று வீட்டில் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். எரிச்சலையும் பெருமளவு அடக்கிவிட்டேன். அதற்குச் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான்: எரியும் தோலை எதுவும் படாமல் பொத்திப் பொத்தி வைத்தால் கூச்சம் கூடிக்கொண்டே போகும். தொடுதலை அளந்து, வேளை தவறாமல் கொடுத்தால்தான் நரம்பு பழகும். அதிலும் முதலில் கொடுக்க வேண்டியது அழுத்தமான தொடுதல். மெல்லிய வருடலுக்குக் கடைசியில்தான் இடம்.

புண்ணுக்கு மருந்து கட்டுவது, இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்வது போன்றவற்றை மருத்துவமனையிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன்: இது நரம்பு வலிதானா?

நரம்பு எரிச்சல் தோல்மட்டத்தில் இருக்கும். துணி பட்டால் கூடும். ஊசி குத்துவது போலவோ மின்சாரம் பாய்வது போலவோ வெட்டும். நடக்கும்போது நெஞ்சின் உள்ளே இறுக்கமும் பாரமும் வந்து, தாடைக்கோ கைக்கோ பரவி, வியர்த்தால் அது வேறு கதை. மூச்சுத் திணறுவதும் அப்படித்தான். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தழும்பு சிவந்து சூடாவது, சீழ், காய்ச்சல், திரும்பிப் படுக்கும்போது நெஞ்செலும்பு ‘கடக்’கென்று நகர்வது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றையும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லை, புண் முழுவதும் மூடிவிட்டது, பொருக்கு உதிர்ந்துவிட்டது, தொடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்றால் மேலே படியுங்கள்.

நெஞ்சுக்குள் என்ன நடந்தது

ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு முதுகிலிருந்து முன்னால் ஓடிவருகிறது. நெஞ்செலும்பின் பக்கத்தில் அது தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து தோலில் கிளை விடுகிறது. பைபாஸில் பெரும்பாலும் இதயத்தோடு இணைப்பது இடது மார்பின் உட்புறத் தமனியை. அந்தத் தமனி நெஞ்செலும்பின் ஓரமாகவே இறங்குவதால், அதைப் பிரித்தெடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் நரம்புக் கிளைகள் அறுபடலாம், இழுபடலாம், சூட்டுக் கருவியால் கருகலாம். எலும்பை விரித்துப் பிடிப்பதிலும் நரம்புகள் இழுபடுகின்றன. இடது பக்கம் மட்டும் பலருக்கு மரத்துப்போவது இதனால்தான்.

அறுந்த கிளை பொறுப்பில் இருந்த இடம் மரத்துப்போகிறது. காயம்பட்ட நரம்போ தானாகவே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு முதுகுத்தண்டும் உஷாராகிவிட, சாதாரணத் தொடுதலையும் வலி என்றே மூளைக்குச் சொல்கிறது. மருத்துவர்கள் இதை அலோடினியா என்பார்கள். ஒரே இடத்தில் மரப்பும் எரிச்சலும் சேர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

நரம்பு மறுபடி வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஆகவே வாரக்கணக்கு போதாது, மாதக்கணக்கில்தான் பார்க்க வேண்டும். காயப்பட்ட நரம்பின் பாதையில் விரலால் தட்டினால் அதன் பரப்பில் சுரசுரவென்று ஓடுவதைப் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜூல் டினெல் 1915-இல் விவரித்தார். நரம்பு துளிர்ப்பதன் அடையாளம் அது. மரத்த இடத்தில் புதிதாகச் சுரசுரப்பு வந்தால் நிலைமை மோசமாகிவிட்டதென்று பயந்துவிடாதீர்கள்.

படி 1: வரைபடம்

கண்ணாடி முன் நின்று, நல்ல தோலிலிருந்து எரியும் இடத்தை நோக்கி விரல் நுனியை நகர்த்துங்கள். உணர்வு மாறும் புள்ளியில் ஒரு கோடு. நான்கு பக்கமிருந்தும் இப்படி வந்தால் எல்லை கிடைத்துவிடும். உள்ளே எது மரப்பு, எது எரிச்சல் என்று தனித்தனியாகக் குறியுங்கள். பால்பாயிண்ட் பேனா கீறும். கண் மை பென்சில்தான் சரி, வழுக்கிக்கொண்டு போகும், துடைத்தால் வந்துவிடும். ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள். வாரம் ஒரு முறை போதும். தினமும் வரைந்தால் மாற்றமே தெரியாமல் மனம் சோர்ந்துபோகும்.

படி 2: உள்ளங்கை

எனக்கு அதிக நாள் பிடித்த படி இதுதான். பலர் கைவிடுவதும் இங்கேதான் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

வலிக்கும் இடத்தை எல்லாரும் விரல் நுனியால், பட்டும் படாமலும் தொடுவார்கள். அக்கறையால் செய்வதுதான். ஆனால் கூசும் நரம்புக்கு அந்தப் பட்டும் படாத தொடுதலே மிகக் கொடியது. விரிந்த உள்ளங்கையை அசையாமல் வைத்தால் அதே இடம் அடங்கும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே கையால் பிடித்துக்கொள்கிறோமே, அதே கணக்கு. தொடுதலைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளுக்கு முதுகுத்தண்டில் கதவு பாதி சாத்தப்படுகிறது என்று 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற வலி ஆராய்ச்சியாளர்கள் இருவர் விளக்கினார்கள்.

முறை இது. முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்காருங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த கை வேண்டாம். முதலில் வலது மார்பில், நல்ல தோலில், உள்ளங்கையை வையுங்கள். சாதாரணத் தொடுதல் எப்படி இருக்கும் என்று கவனியுங்கள். பிறகு இடது பக்கத்தில் நீங்கள் வரைந்த எல்லைக்கு வெளியே வையுங்கள். அங்கிருந்து, கையை இழுக்காமல், தூக்கித் தூக்கி, அரை விரல் அகலம் உள்ளே நகர்த்துங்கள். எரிச்சல் கிளம்பும். கையை எடுக்கத் தோன்றும். எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். சில மூச்சுகளில் எரிச்சல் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும். இறங்குவதை உணர்ந்த பிறகே கையை எடுக்க வேண்டும். உச்சியில் எடுத்தால், ‘எடுத்தால்தான் தப்பித்தோம்’ என்பதையே உடம்பு கற்றுக்கொள்ளும்.

எவ்வளவு அழுத்தலாம்? நெஞ்செலும்பின் மேல் கையின் எடை மட்டும். எலும்பு கூட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். கூடிவிட்டது என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொல்லும்வரை அங்கே அழுத்தம் வேண்டாம். பக்கவாட்டில், சதையின் மேல், கொஞ்சம் கூட்டலாம்.

எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். கையை எடுத்து அரை மணி நேரம் கழிந்தும் எரிச்சல் தணியாவிட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது. அடுத்த முறை ஒரு விரல் வெளியே தள்ளித் தொடங்குங்கள். நாளை விட்டுவிட வேண்டாம், அளவை மட்டும் குறையுங்கள்.

படி 3: துணிகள்

உள்ளங்கை முழுப் பரப்பிலும் நின்றுவிட்டதா? இப்போது துணி. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. ஒரேயடியாக அரை மணி நேரம் செய்வது உதவாது. பட்டு, பழைய பருத்தி பனியன், புதுப் பருத்தி, தேங்காய்ப்பூ துண்டு, கம்பளி என்பது என் வரிசை. ஒவ்வொன்றையும் முதலில் ஒற்றி ஒற்றி எடுங்கள், பிறகு ஒரே திசையில் மெதுவாக நீவுங்கள், கடைசியாக வட்டம். முதல் தடவைகளில் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் எளிது. பார்க்காமலும் அதே துணி சலிப்பூட்டும் அளவுக்கு வந்தால்தான் அடுத்தது.

இதற்கென்று விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். வீட்டு அலமாரியில் இருப்பதே போதும். நான் தனியாக வாங்கியது ஒரு மென்மையான ஒப்பனைத் தூரிகை மட்டும். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு, மெல்லிய வருடலுக்காக. அதிர்வு கொடுக்கும் மசாஜ் கருவியை நான் நெஞ்சின் பக்கமே கொண்டுபோகவில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மின்கருவி எதையும் தொடக்கூடாது.

தழும்பை நீவும்போது வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவிக்கொண்டால் தோல் இழுபடாது. காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தவர்களுக்குக் கணுக்காலின் உட்புறமும் மரத்தும் எரிந்தும் இருக்கும். அந்த ரத்தக்குழாயை ஒட்டியே ஒரு நரம்பு ஓடுவதால் வந்தது. அங்கேயும் இதே வரிசையைச் செய்யலாம்.

படி 4: உடை, குளியல், பயணம்

தளர்ந்த சட்டைதான் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஒத்துவந்தது நேர்மாறு. தளர்ந்த துணி ஒவ்வொரு அசைவிலும் உரசும். உடம்போடு ஒட்டிய, வழவழப்பான பனியன் ஒரே சீரான அழுத்தம் கொடுத்து அசையாமல் கிடக்கும். அதன் மேல் எந்தச் சட்டையும் போடலாம். பனியனை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள், தையல் விளிம்பு தோலில் படாது. கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள். பெண்கள் முன்பக்கம் கொக்கி உள்ள, கம்பி இல்லாத உள்ளாடை அணிந்தால் மார்பின் எடை தழும்பை இழுக்காது.

ஷவர் தண்ணீர் ஊசியாகக் குத்தும். முதுகைக் காட்டி நின்று, நீர் தோள் வழியாக நெஞ்சில் வழிய விடுங்கள். வெந்நீரின் சூட்டை நெஞ்சில் சோதிக்காதீர்கள், முழங்கையில் சோதியுங்கள். மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையோ ஐஸ் கட்டியோ வைக்கவே கூடாது. வெந்தாலும் உறைந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

காரில் சீட் பெல்ட் கட்டாயம். பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் இடையே மடித்த துண்டு ஒன்று வைத்தால் உரசாது.

படி 5: மாத்திரை

சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலுக்கு அவ்வளவாகக் கேட்காது. கபாபென்டின், ப்ரீகாபலின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவைதான் டாக்டர்கள் நரம்பு வலிக்கு எழுதுபவை. குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். தூக்கமும் தலைச்சுற்றலும் வரும். வேலை செய்யவில்லை என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அமிட்ரிப்டிலின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, இதய டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். இபுபுரூபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைப் பைபாஸ் ஆனவர்கள் தாமாக வாங்கிப் போடுவது ஆபத்து.

எரியும் பரப்பு சிறிதாக இருந்தால் 5 சதவீத லிடோகெய்ன் பட்டையைப் (மரக்கச் செய்யும் மருந்து உள்ள, தோலில் ஒட்டும் பட்டை) பற்றிக் கேளுங்கள். 24 மணி நேரத்தில் 12 மணி நேரம் ஒட்டலாம், மீதி நேரம் எடுத்துவிட வேண்டும், புண் மேல் ஒட்டக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பட்டை தோலை மூடிவிடுவதால் சட்டையும் உரசாது. தோலைப் பழக்கும் பயிற்சியைப் பட்டை இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மூன்று மாதம் தாண்டியும் எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று காத்திருக்காதீர்கள். வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். நரம்பைச் சுற்றி மருந்து செலுத்துவது வரை அவர்களிடம் வழிகள் உண்டு. என் மார்பில் ஒரு சிறு பரப்பு இன்னும் மரத்தே இருக்கிறது. அது எரிவதில்லை, எனக்கு அது போதும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுதியதற்குப் பிறகு

அரிப்பு தாங்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். சொறியாதீர்கள். நகம் பட்டதும் அரிப்பு எரிச்சலாக மாறும், மரத்த இடத்தில் கீறினாலும் தெரியாது. படி 2-இன் உள்ளங்கையே இதற்கும் மருந்து.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட வாசகி ஒருவர், அக்குளும் மேல்கையின் உட்புறமும் எரிவதாகச் சொன்னார். அக்குளைக் கடந்து மேல்கைக்குப் போகும் விலா நரம்பின் கிளை ஒன்று உண்டு. நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது அது அடிபடுகிறது. வரிசை அதேதான். ஆனால் கதிர்வீச்சு நடக்கும்போதும் அதனால் தோல் வெந்திருக்கும்போதும் செய்யாதீர்கள். கை வீங்கத் தொடங்கினால் அழுத்தம் எவ்வளவு, எந்தத் திசை என்பதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

நுரையீரலுக்காக விலாப் பக்கம் திறந்தவர்களுக்கு எரிச்சல் முதுகிலிருந்து மார்பின் கீழ் வரை ஒரு பட்டையாக ஓடும். தழும்பிலிருந்து தொடங்காமல் பட்டையின் இரு முனைகளிலிருந்தும் உள்ளே வாருங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: அந்தப் பட்டையில் திடீரென்று சிவந்து கொப்புளங்கள் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். அக்கியும் அதே நரம்பின் வழியில்தான் வரும். துணி, கை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அதற்கான வைரஸ் மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும்.