அம்மாவின் மாத்திரையும் இரவு ஜெபமும்

அம்மாவின் இரவு மாத்திரை டப்பாவை வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். குடும்ப ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் ஒரு டம்ளர் தண்ணீரோடு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் வேலை முடிந்து வர இருட்டிவிடும். சாப்பாட்டு நேரம் மாறும், ஜெபம் தவறாது. தவறாத ஒன்றோடு சேர்த்துவிட்டால் மாத்திரை மறக்காது. எல்லார் கண்ணெதிரே கொடுப்பதால் இரண்டு தடவை விழுங்கிவிடும் பயமும் இல்லை. கிழமை போட்ட ஏழு அறை டப்பா என்றால் இன்னும் நல்லது. கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, ஜெபமும் அம்மாவைக் கவனிப்பதும் ஒரே இடத்தில் நடப்பதுதான் சரி.

இரவில் போடச் சொன்ன மாத்திரைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். தைராய்டு மாத்திரை பெரும்பாலும் காலையில் வெறும் வயிற்றில்தான். இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் பெரும்பாலும் சாப்பாட்டைப் பொறுத்தவை. அவற்றை எடுத்தபின் ஜெபம் நீண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அப்புறம், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் இரவுக்கு மாற்றாதீர்கள், நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்து போகும்போது வயதானவர்கள் விழுந்துவிடக்கூடும்.