முடிச்சூர் மனைக்கு அனுமதி வாங்கியது எப்படி?

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சென்னை தாம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் முடிச்சூர் மனையில் இடுப்பளவு தண்ணீர். மதில் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அதனால் பிளான் அனுமதிக்குப் போனதும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்டார்கள். நியாயம்தான். சர்வேயரை வைத்து மனை மட்டம், தெரு மட்டம், கறையின் உயரம் எல்லாம் அளந்து, எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தின் நகலோடு கொடுத்தேன்.

மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த அண்ணன் சும்மா விடுவாரா? தரைத்தளத்தைத் தூண்களோடு காலியாக விட்டு, மாடியில் வீடு போட்டோம். படிக்கட்டு மட்டும், விதிப்படி பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடைவெளிக்குள் ஓரடி நீட்டியது. விதிவிலக்கு கேட்டு அலைய யாருக்குப் பொறுமை? சரி என்று படியைத் திருப்பி வரையச் சொன்னேன். அப்புறம் மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச் இரண்டும் கறைக்கு மேலே ஏறின. தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் வாயையும் உயர்த்திக் கட்டிவிட்டோம்.