பால் கொடுக்கும் நேரத்தில் மூத்த பிள்ளையைச் சமாளிப்பது எப்படி?

சின்னதுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்த நிமிஷம்தான் மூத்தவனுக்குத் தண்ணீர் வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும், மடியில் ஏற வேண்டும். அதனால் முதலிலேயே அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விட்டு, தண்ணீரைக் கைக்கு எட்டும்படி வைத்து, மூன்று பேரும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். நாலைந்து விளையாட்டுச் சாமான்களை ஒரு பெட்டியில் ஒளித்து வைத்து அந்த நேரத்துக்கு மட்டும் எடுங்கள், எப்போதும் கிடைத்தால் மவுசு போய்விடும். மணி, பொத்தான் மாதிரிப் பொடிச் சாமான் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

அப்புறம், "பாப்பா, கொஞ்சம் இரு, அண்ணாவுக்குச் சட்டை போட்டுவிட்டு வருகிறேன்" என்று அவன் காதுபடச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். எவ்வளவு பாசமான பிள்ளையானாலும் சரி, இருவரையும் தனியாக விடாதீர்கள். எழுந்து போக வேண்டுமென்றால் ஒருவரைக் கூடவே கூட்டிப் போங்கள்.