இளைத்த எலியின் கொழுப்பில் செல்களை எண்ணுகிறவர்களுக்கு

புதிதாகச் சேர்ந்த மாணவி போன வாரம் ஒரு வரைபடம் கொண்டுவந்தாள். எடை குறைந்த எலிகளின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்கள், இவை கூடினால் அழற்சி என்று கொள்வார்கள்) இரண்டு மடங்காம். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அதே படத்தைத்தான் வரைந்தேன். இந்த எண்ணிக்கையில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். பைப்பெட் பிடிப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது கை பழகினால் வந்துவிடும்.

கிராமுக்கு எத்தனை என்று மட்டும் பார்ப்பது

குண்டு எலியின் வயிற்றுக் கொழுப்பு 2 கிராம், அதில் மேக்ரோஃபேஜ்கள் 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமுக்கு 10 லட்சம். இளைத்த பிறகு கொழுப்பு அரை கிராம், செல்கள் 10 லட்சம். மொத்தம் பாதியாகிவிட்டது, ஆனால் கிராமுக்கு 20 லட்சம் என்று வருகிறது! புதிதாக ஒரு செல்லும் வரவில்லை. சுற்றியிருந்த கொழுப்பு செல்கள் எண்ணெய் வடிந்து சுருங்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

எடை குறைந்தால் அழற்சி கூடுகிறது என்று நம்பி, இன்னொரு கூட்டம் எலிகளுக்கு நான்கு மாதம் கொழுப்புத் தீவனம் போட்டேன். செல்களைப் பிரிப்பதற்காகக் கரைக்க எடுத்த துண்டை மட்டும் நிறுத்தேன், முழுக் கொழுப்பை நிறுக்கவில்லை. அதனால் திருத்திக் கணக்குப் போடவும் வழியில்லை. அத்தனை எலிகளைக் கொன்றது வீண். இன்றும் அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. முழு எடையைக் குறியுங்கள், இரண்டு கணக்கையும் எழுதுங்கள். அந்த மாணவி முழு எடையைக் குறித்து வைத்திருந்தாள். மறுபடி கணக்கிட்டபோது கோடு இறங்கியது.

ஒரே நாளில் பார்த்து முடிவு கட்டுவது

சரி, உண்மையிலேயே கூடுகிற நாட்களும் உண்டு. 2010-இல் வெளியான எலி ஆய்வொன்றில், தீவனத்தைக் குறைத்த முதல் சில நாட்களில் மேக்ரோஃபேஜ்கள் ஏறி, அப்புறம் இறங்கின. கரைந்து வெளியேறும் கொழுப்பை அள்ள வருகிறவை அவை. அந்த ஏற்றத்தை உடனே அழற்சி என்று எழுதாதீர்கள்.

நிணநீர்க் கணு

நோயெதிர்ப்பு செல்கள் குவிந்திருக்கும் சிறு முடிச்சு இது. தொடை மடிப்புக் கொழுப்பில் ஒன்று இருக்கும். அகற்றிவிட்டுக் கரையுங்கள், இல்லையென்றால் டி செல் (நோயெதிர்ப்பு செல்களில் ஒரு வகை) கணக்கு பொய்.

கொலாஜினேஸ்

திசுவைக் கரைத்துச் செல்களைப் பிரிக்கும் நொதி இது. நேரம் பார்த்து நிறுத்துங்கள்.

'பழைய நிலைக்குத் திரும்பியது' என்று எழுதுவது

எடை பழைய அளவுக்கு இறங்கினாலும் திசு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மனிதரிலும் எலியிலும் கொழுப்பு செல்கள் பருமனின் அடையாளங்களைத் தங்கள் மரபணு இயக்கத்தில் வைத்திருப்பதை 2024-இல் காட்டினார்கள். குண்டாகவே இருந்த எலி, என்றுமே குண்டாகாத எலி, இரண்டையும் அதே வயதில் இளைத்த எலிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.