சதைக்கனியை அறுத்துப் பாகம் குறிக்கும்போது நேரும் பிழைகள்

ஆப்பிளின் உள்ளமைப்பை வரையும் மாணவர்களின் முதல் தவறு கத்தியிலேயே தொடங்கிவிடுகிறது. காம்பிலிருந்து நெடுக்காக மட்டும் பிளந்தால் அறைகள் எத்தனை என்பது புலப்படாது. குறுக்காக அறுத்தால்தான் ஐந்து சூலிலைகளின் (சூற்பையை ஆக்கும் பிரிவுகளின்) ஐந்து அறைகளும் நட்சத்திரம்போல் தெரியும். அவற்றைச் சுற்றி வட்டமாக நிற்கும் மங்கலான பத்துப் புள்ளிகளைப் பலர் கவனிப்பதே இல்லை. அவை புல்லி இதழ்களுக்கும் அல்லி இதழ்களுக்கும் சென்ற நாளங்களின் வெட்டுமுகங்கள். அந்த வட்டத்துக்கு உட்பட்டதே சூற்பையிலிருந்து உருவான உண்மைக்கனி. கடிக்கையில் பல்லில் சிக்கும் மெல்லிய தகடு அதன் உள்ளுறை, அதாவது கனிச்சுவரின் உள் அடுக்கு. வெளியே நாம் விரும்பித் தின்னும் சதையை ‘நடுவுறை’ (கனிச்சுவரின் நடு அடுக்கு) என்று குறிப்பது பிழை. பள்ளி நூல்கள் அதைப் பூத்தளம், அதாவது பூவின் உறுப்புகளைத் தாங்கும் காம்பின் நுனி, என்கின்றன. புல்லி, அல்லி, மகரந்தத்தாள் ஆகியவற்றின் அடிப்பாகங்கள் இணைந்த கிண்ணம் சூற்பையோடு ஒட்டிப் பருத்தது என்பது இன்னும் நுட்பமான விளக்கம். காம்புக்கு எதிர்முனைக் குழியில் சுருங்கிக் கிடக்கும் புல்லி இதழ்களே இதற்குச் சாட்சி.

ஆப்பிள் செட்டிநாட்டு வெயிலில் விளைவதன்று, கடையில் வாங்கித்தான் அறுக்க வேண்டும். அதில் கற்றதை நம் ஊர்க் கனிகளின்மேல் அப்படியே ஏற்றுவது அடுத்த தவறு. மாம்பழத்தின் சதை நடுவுறையேதான். ஆனால் மாங்கொட்டை முழுவதையும் விதை என்று எழுதக்கூடாது. கெட்டியான ஓடு உள்ளுறை, அதனுள் இருக்கும் பருப்பே விதை. வடு போடும் ஆச்சிமார் கொட்டை கட்டாத பிஞ்சாகப் பார்த்து எடுப்பது அந்த ஓடு இறுகுவதற்கு முன்பு.

கோசமல்லிக்கு மசிக்கும் கத்தரிக்காயைப் பெயரில் ‘காய்’ இருப்பதால் கனிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். தாவரவியலில் அது தக்காளியைப்போல ஒரு சதைக்கனி. பலாவின் சுளையோ பூவின் இதழ்வட்டம் சதைப்பற்றானது, சுளைகளுக்கிடையே நார்போல் இருக்கும் சடை கருவுறாத பூக்கள்.

மிகுதியாகக் குழப்புவது நுங்கு. கோடையில் காரைக்குடி, தேவகோட்டைச் சாலையோரங்களில் சீவித் தரும் அந்தக் குளிர்ந்த வெண்பகுதி கனியின் சதை அன்று. இளம் விதைக்குள் கருவுக்காகச் சேர்ந்த உணவு, அதாவது கருவூண். பனையின் நடுவுறையைப் பார்க்க விரும்புவோர் காய் பழுக்கும்வரை காத்திருந்து, சுட்ட பனம்பழத்தில் நாரோடு சப்பும் மஞ்சள் சதையைத்தான் குறிக்க வேண்டும்.