தவக்காலத்தோடு முடிந்துபோகும் சேவை: நாம் செய்கிற தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று எடுக்கிற தீர்மானங்களிலேயே சீக்கிரம் உதிர்ந்துபோவது பிறருக்கு உதவுகிற தீர்மானம்தான். காரைக்குடிப் பக்கம் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் சபையில், வருடா வருடம் பார்க்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். தவக்காலம் முழுக்க ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவோம். ஈஸ்டர் பிரியாணி சாப்பிட்ட கையோடு கஞ்சித் தூக்கு பரணுக்குப் போய்விடும்.

நமக்கு மனசு இல்லாமல் இல்லை, நாள் கணக்குதான் இடிக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2009-ல் வெளியானது. தினமும் ஒரு சின்னக் காரியத்தைச் செய்யச் சொல்லிப் பார்த்ததில், அது யோசிக்காமலே வருகிற பழக்கமாவதற்குப் பொதுவாக 66 நாள் வாக்கில் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். தவக்காலமோ ஞாயிறுகளைச் சேர்த்தாலும் 46 நாள்தான். ஆக, பழக்கம் வேர்விடும் முன்பே நாம் பந்தலைப் பிரித்துவிடுகிறோம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. நாமோ ஒரு சனிக்கிழமை போக முடியாவிட்டால், அடுத்த வாரம் எந்த முகத்தோடு போவது என்று கூச்சப்பட்டு மொத்தமாக நிறுத்திவிடுகிறோம்.

நான் செய்ததில் பெரிய தவறு வேறு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு. அதில் ஆச்சி புழங்குவது ஒரே ஓர் அறையில். பிள்ளைகள் வெளிநாட்டில். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதல் வாரம் ஜாங்கிரி, இரண்டாம் வாரம் மாம்பழம். ஆச்சி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை என்பதும், இரண்டும் வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்குப் போனது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம், "ஆச்சி, நான் வந்தா உங்களுக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"இந்த மாத்திரையில காலைக்கு எது, ராத்திரிக்கு எதுன்னு பெரிசா எழுதிக் குடு தம்பி. பொடி எழுத்து தெரிய மாட்டேங்குது."

டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். காலை மாத்திரை டப்பாவில் மார்க்கரால் ஒரு சூரியன், ராத்திரி டப்பாவில் ஒரு பிறை. பத்து நிமிட வேலை. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நான் எனக்குத்தான் சேவை செய்துகொண்டிருந்திருக்கிறேன். பைபிளில் வருகிற பர்த்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் இயேசு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தானே செய்தார்?

அப்புறம், மொய் நோட்டு. நம் ஊரில் விசேஷ வீட்டுக்குச் செய்தது திரும்பி வரும் என்பது எழுதாத சட்டம். அதில் தப்பில்லை, அது வேறு கணக்கு. உதவியிலும் அந்த நோட்டை விரித்தால்தான் வம்பு. 'இவ்வளவு செய்தேன், ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை' என்று ஆரம்பித்தால் நாலாம் மாதம் கால் தானாக நின்றுவிடும். விருந்து வைத்தால் திருப்பிக் கூப்பிட முடியாதவர்களைக் கூப்பிடு என்று லூக்கா 14-ல் ஆண்டவர் சொன்னது இந்த நோட்டை மூடத்தான் என்று எனக்குத் தோன்றும்.

நேரம் விஷயத்தில் எங்கள் பக்கத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வழக்கத்திலிருந்தே ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். வியாபாரத்தில் வருவதிலிருந்து கோயில், தர்மம் என்று ஒரு பங்கை மகமையாக எடுத்து வைப்பார்கள். எல்லாச் செலவும் போக மிஞ்சியதில் கொடுப்பது மகமை ஆகாது. நாம் வாரத்தில் மிஞ்சுகிற நேரத்தைச் சேவைக்கு என்று வைக்கிறோம். எந்த வாரம் மிஞ்சியிருக்கிறது? சனி காலை 7 மணி, பால் வாங்கித் திரும்பும் வழியில், என்று முடிச்சுப் போட்ட பிறகுதான் எனக்கு நிலைத்தது.

போட்டோ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாங்குகிறவர் முகம் வாட்ஸ்அப் குரூப்பில் வர வேண்டாம், அவ்வளவுதான். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஜெபச் சீட்டைச் செருகுவதும் எனக்கு உடன்பாடில்லை. பசித்தவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

வீட்டில் உள்ளவர்களை மறப்பது தனிக் கதை. பங்கு வேலைக்கு முதல் ஆளாக ஓடிய காலத்தில், அம்மாவின் கண்ணாடியை மாற்ற நான் நாலு மாதம் இழுத்தடித்தேன். கடவுளுக்குக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்த பகுதி, மாற்கு 7, கோயிலில் வாசிக்கப்பட்டபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

இப்போதும் சில சனிக்கிழமை ஆச்சி, "இன்னைக்கு ஒண்ணும் வேணாம் தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பார். முன்பெல்லாம் அது மனதைக் குத்தும். இப்போது திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, பால் கெடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.